கோடாலி

மத்ரா கோட்டை. மேல் கொத்தளம்.
பழைய சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு
எல்இடி மாட்டுகிற வேலை, இது மூன்றாம் நாள்.
ஏணியைப் பிடித்திருப்பவன் பிஷ்ணு தமாங்.
பத்து மணிக்கெல்லாம் பீரங்கி
தோல் உரிக்கும் சூட்டுக்கு வந்துவிட்டது.
கீழே துறையில் பதினோரடுக்குக் கப்பல்,
ராவோடு ராவாக வந்து ஒட்டியிருக்கிறது.

அதிலிருந்து இறங்கி இங்கே ஏறி வந்தவள் இனேஸ்.
லிஸ்பன்காரி. சுங்க அலுவலகத்தில்
முப்பத்திரண்டு வருடம் கணக்கெழுதி ஓய்ந்தவள்.
என் கழுத்து அட்டையை எட்டிப் படித்து
"மஷாது!" என்றாள்,
தொலைத்த மோதிரம் கிடைத்த குரலில்.
மச்சாடோ, என்றேன். இன்னாசி மச்சாடோ. தூத்துக்குடி.
எங்கள் தெருவில் மட்டும் ஆறு வீடு மச்சாடோ.
அதற்கு என்ன பொருள் தெரியுமா என்று
கையால் காற்றை இரண்டு முறை வெட்டிக் காட்டினாள்.

கோடாலி.

பள்ளிக்கூடம் போகாமல் துறைமுகத்தில் சுற்றிய நாட்களில்
"குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக்காம்பே" என்று
விளக்குமாற்றோடு துரத்துவாள் அம்மா.
பாவம், அவளுக்கே தெரியாமல்
வீட்டுப் பெயரைத்தான்
சுத்தத் தமிழில் கூப்பிட்டிருக்கிறாள்.

நிழலில் பத்து நிமிடம். இனேஸ் தன் ஊரைச் சொன்னாள்.
மேடும் பள்ளமுமான ஊராம். ஆறு கடலாகும் இடமாம்.
அரசன் மாடியில் தூங்க,
அதே அரண்மனையின் அடியில் மிளகு தூங்கியதாம்.
புரண்டு படுத்தாலும் லாபம் மணக்கும் படுக்கை
வேறெந்த ராஜாவுக்கு வாய்த்தது?
இந்தக் கடலில் பாய் விரித்தவனெல்லாம்
அவர்களிடம் சீட்டு வாங்கித்தான் விரித்தான்.
சீட்டில்லாத சரக்கு, பிடித்தவன் சரக்கு.

அவள் சொல்லாததை
எங்கள் ஃபோர்மேன் சுலைம் முன்பே சொல்லியிருக்கிறார்,
சோற்றைப் பிசைந்தபடி, போன வாரம் நடந்ததுபோல:
ஆயிரத்து ஐந்நூற்று ஏழு. மஸ்கட் எரிந்தது.
பிடிபட்டவர்கள் உயிரோடு திரும்பினார்கள்,
மூக்கும் காதும் இல்லாமல்.

பிறகு சகல புனிதர் திருநாள், காலைப் பூசை நேரம்,
லிஸ்பன் ஆடியது.
பீடத்து மெழுகுத்திரிகள் சாய்ந்து ஊரைப் பிடித்தன.
ஆறு உள்வாங்கி,
அடியில் கிடந்த பழைய கப்பல்களின் விலா எலும்பைக்
காட்டிவிட்டுத் திரும்பி வந்தது.
தண்ணீர் உள்ளே போனால் ஓடவேண்டும் என்று
எங்களுக்கே இரண்டாயிரத்து நாலில்தான் தெரிந்தது.
செத்தவர்களை அவள் நிதானமாகச் சொன்னாள்.
கணக்குப் புத்தகங்கள் எரிந்ததைச் சொன்னபோதுதான்
தொண்டை அடைத்தது.
அதற்கு நூறு வருடம் முன்பே
இந்தக் கொத்தளம் அவர்கள் கையை விட்டுப் போயிருந்தது.

எங்கள் ஆட்கள் கேட்டது காவல் மட்டும்,
முத்துச்சிலாபத்தில் அடுத்தவன் கை படாமல்.
கிடைத்தது காவல், தலையில் தண்ணீர், பெயரில் கோடாலி.
குறை சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில்தான்
என் இரண்டு பிள்ளைகளும் நனைந்து அழுதார்கள்.

ஜன்னல், என்றேன். ஷனேலா, என்றாள்.
சாவி. ஷாவ்.
மேசை, அலமாரி, ஏலம் என்று
அடுக்கிக்கொண்டே போனேன்.
வட்டியோடு திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று
நடுவில் பயம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

லிஸ்பனுக்கு வா, பெயரே போதும், என்றாள்.
போதாதம்மா.
என் பதாக்கா முடிய நாற்பத்தொரு நாள்.
புதுப்பிக்கிற கடுதாசி கம்பெனி மேசையில்,
மேசைக்குச் சாவி, சாவி யாரிடமோ.

மாலை சுவிட்ச் போட்டோம்.
சுவர் முழுக்க மஞ்சள் ஏறியது.
கப்பல் விலகிக்கொண்டிருந்தது.
மேல்தளத்தில் ஒரு கை
காற்றை இரண்டு முறை வெட்டியது,
அல்லது சும்மா டாட்டா காட்டியது.
பதினேழாவது விளக்கு மட்டும் மினுங்கி மினுங்கி அணைந்தது.
பிஷ்ணு ஏணியை நகர்த்தினான்.
ஏறினேன்.