பங்கு கேட்பது

லோயாட், மூன்றாம் மாடி.
கண்ணாடி மேசைமேல் இரண்டு மதர்போர்டு.
ஒன்றில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது,
இருநூற்றுத் தொண்ணூறு வெள்ளி.
மற்றதில் இல்லை, நாற்பது குறைவு.
"ஆனா தனியா கார்டு வாங்கணும் அக்கா,
இல்லேன்னா ஸ்கிரீன் கறுப்பாதான் இருக்கும்"
என்கிறான் கியோங்,
கிள்ளான் பள்ளிக்கூட வாசலில் கற்ற தமிழில்.

கைப்பையில் யுகேந்திரனின் துண்டுச் சீட்டு:
உள்ளே இருப்பது வேண்டாம். கார்டுதான்.
அந்தத் 'தான்' கீழே இரண்டு கோடு.

"உள்ளே இருந்தா என்ன கெடுதல்?"
"அதுக்குன்னு மெமரி கிடையாது அக்கா.
கம்ப்யூட்டர் மெமரியில பங்கு கேட்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
செந்தூல் அடுக்குமாடியில்
ஓர் அறை, ஒரு மின்விசிறி.
இரவு வேலை முடிந்து காலையில் நான் சாயும் மெத்தையில்
பள்ளிக்குப் போனவனின் சூடு இன்னும் இருக்கும்.
பங்கு கேட்காத பொருள் எங்களிடம் எது?

உள்ளே இருப்பதையே வாங்கினேன்.
கார்டு செருகும் நீளப் பள்ளமும் உண்டா என்று
இரண்டு முறை
விரல் வைத்துக் காட்டச் சொன்னேன்.
கியோங் அலுத்துக்கொள்ளவில்லை.

இம்பியில் ஏறும்போதே மழை.
மோனோரெயிலில் பெட்டி என் மடியில்,
ஒரு மலாய்க் குழந்தை அதைத் தட்டிப் பார்த்தது.

ஞாயிறு இரவு திருப்புளியோடு குனிந்தான் மகன்.
சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஒன்றும் பேசவில்லை.
திரை நீலமாய் விழித்தது, அணைத்தான்.
மூடுவதற்கு முன்
தூசு விழாமலிருக்க என்று
அந்தச் சீட்டையே நீளமாக மடித்துக்
காலிப் பள்ளத்தில் செருகினான்,
கோடு போட்ட பக்கம் மேலே.