பின்னிணைப்பு: ஹோல்னெஸ் வீடு, கென்ட்

கேட்டது இவ்வளவுதான்:
சமையலறை வாசலை ஒன்பது அங்குலம் அகலப்படுத்த வேண்டும்.
டெரெக்கின் சக்கர நாற்காலி நிலையில் முட்டி நிற்கிறது.
பெரில் அதைப் பின்னுக்கு இழுத்து, கோணம் பார்த்து,
மறுபடி முட்டுகிறாள்.
"ஒல்லியான காலத்து வீடு" என்கிறார் டெரெக்.

குறுக்கே நிற்பது ஒரு கருவாலி நிலைக்கால்.
வளையம் எண்ணியவர்கள் சொன்ன கணக்கில்
அந்த மரம் விழுந்தது 1474, குளிர்காலம்.

நான் அளவெடுக்க வந்தவள்.
நாடா, டார்ச், முழங்காலுக்கு ரப்பர் உறை.
முதலில் பரணில்தான் ஏறுவேன்.
வீடுகள் வாசலில் பொய் சொல்லும்,
கூரைக்குள் அவ்வளவாகச் சொல்லாது.

அங்கே கைமரங்களில் கரி.
தொட்டேன். யாரோ குளிர்காய்ந்த நெருப்பு
என் ரேகையில் ஒட்டிக்கொண்டது.
அப்படியானால் அன்று மாடி இல்லை, புகைபோக்கி இல்லை;
கூடத்தின் நடுத்தரையில் தீ.
புகை தன் வழியைத் தானே தேடிக்கொண்டது.
ஹாமன் என்ற கம்பளித் துணிக்காரன்
கண்ணைக் கசக்கிக்கொண்டே கணக்குப் பார்த்திருப்பான்.

தச்சன் பெயர் தெரியவில்லை. கையெழுத்து தெரிகிறது:
பொருத்துக்குப் பொருத்து உளியால் கீறிய எண்கள்.
தரையில் கோத்துப் பார்த்து, கழற்றி, வண்டியேற்றி
இங்கே நிமிர்த்த அவை வேண்டும்.
நான்கின் இடத்தில் ஆறு நிற்கிறது, ஆறின் இடத்தில் நான்கு.
மழையோ, மதுவோ.
கழுந்தைக் கொஞ்சம் சீவி, மர ஆணியை ஓங்கி அறைந்து,
யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறான்.
கூரைக்கும் இன்றுவரை தெரியாது.

நூறு வருடம் கழித்துத் தாமசின், ஒரு விதவை,
கூடத்தின் குறுக்கே உத்திரம் இறக்கி மாடி போட்டாள்,
செங்கல்லில் புகைபோக்கி எழுப்பினாள்.
இடைஞ்சலாக இருந்த வளைதாங்கியை அறுத்தாள்;
ரம்பம் இரண்டுமுறை தடம் மாறியிருக்கிறது.
அப்புறம் பேச்சுவார்த்தையற்ற இரண்டு சகோதரர்கள்.
நடுவில் வரிச்சு பின்னி மண் பூசினார்கள்.
ஒருவனுக்கு அடுப்பு, மற்றவனுக்குப் படிக்கட்டு.
படிக்கட்டில்லாதவன் ஏணி வைத்து
ஜன்னல் வழியே தூங்கப் போனான்.
அடுப்பில்லாதவன் என்ன தின்றான் என்பதற்குத் தடயம் இல்லை.
மரம் தெரிவது ஏழ்மை என்று ஒருவர் சாந்தால் மூடினார்.
மரம் தெரிவதே அழகு என்று பேரன் காலத்தில் உரித்தார்கள்,
ஓக்கின் சாம்பல் நிறம் போதாமல் கறுப்பும் அடித்தார்கள்.

"மூல வடிவம் சிதையும்" என்று எழுதுகிறார்
கவுன்சில் அதிகாரி கிரேவ்ஸ்.
நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள்.
இந்த வீட்டையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்,
ஆனால் பார்ப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

பார்த்தேன்.
நிலைக்காலின் வண்ணப்பூச்சைக் கத்திமுனையால் சுரண்டினால்
ஒரு பக்கம் மட்டும் கரி.
சமையலறைக்குள் ஏது அந்தப் பழைய புகை?
இடுப்புயரத்தில் ஒரு துளை, எந்தக் கழுந்துக்காகவோ,
காலண்டர் ஆணியைப் பார்த்துக்கொண்டு திறந்திருக்கிறது.
அதன் கீழே எண்: ஒன்பது.

திரும்ப ஏறினேன்.
பரணில் ஒன்பதாம் இடத்தில் நிற்பது
கரியே படியாத பைன்.

ஆகவே, ஐயா,
தாங்கள் அசைக்கக் கூடாது என்னும் மரம்
ஏற்கெனவே கூரையிலிருந்து இறங்கி வந்தது.
வாசல் ஒன்று தேவைப்பட்ட யாருக்காகவோ.

பெரில் தேநீர் தந்தாள். டெரெக் கேட்டார்:
"ஒன்பதா? நான் கேட்டதும் ஒன்பதுதானே."
சிரித்தோம். அதை அறிக்கையில் எழுதவில்லை.

எழுதியது வேறொன்று. வரைபடத்தின் ஓரத்தில், மற்றவற்றோடு:
நிலைக்காலில் புதிய உரசல், ரப்பர் கறுப்பு,
தரையிலிருந்து இருபத்திரண்டு அங்குலம்,
இந்த ஆண்டு.