ஒரு சொட்டுகூட

தாதர் மேற்கில், பாலத்தின் அடியில்,
குடைகள் தலைகீழாய்த் தூங்கும் கடை.
"பை எத்தனை லிட்டர்?" என்றார் முஃபத்தல் பாய்.
நாற்பத்தைந்து என்றேன்.
பையையும் பால் மாதிரி அளக்கிறார்கள்
என்பதே போன வாரம்தான் எனக்குத் தெரியும்.

இரண்டு உறைகளை மேசையில் விரித்தார்.
ஒன்று ஆரஞ்சு, பனிமூட்டத்தில் தொலைந்தாலும்
தேடி வருகிறவர்கள் கண்ணில் படும் நிறம்.
ஓரம் முழுக்க எலாஸ்டிக், இடுப்பில் கட்ட ஒரு வார்.
அடியில் கைவைத்துப் பார்த்தேன்,
பித்தளை வளையம் ஒன்று,
சுண்டுவிரல் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.
"பாய், ஓட்டை."
"அது அப்படித்தான் வரும்."

பன்னிரண்டு வருடமாக வங்கியில்
கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவள் நான்.
அது அப்படித்தான் என்று யார் சொன்னாலும்
இன்னொரு முறை பார்ப்பது வழக்கம்.
சாம்பல் நிறத்தை எடுத்தேன். ஓட்டையில்லாதது.
நாற்பது ரூபாய் கூடுதல்.
"ஆப்கி மர்ஜி" என்று
ஆரஞ்சை மறுபடி ஆணியில் மாட்டினார்.

அன்றிரவே சோதனை.
பைக்குள் இரண்டு தலையணை, மேலே உறை,
ஷவரின் கீழே இரண்டு நிமிடம்.
தலையணைகள் காய்ந்தே இருந்தன.
எனக்குள் ஒரு சின்னப் பெருமிதம்,
யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு விடிகாலை கர்ஜத் லோக்கலில்
கேதகி தன் துணிகளையெல்லாம்
ஒரு கறுப்புக் குப்பைப் பைக்குள் திணித்து
வாயை முறுக்கி முடிச்சிட்டு
அதன் பிறகே முதுகுப் பையில் இறக்கினாள்.
மேலே உறையும் போட்டாள்.
எதற்கு இரண்டு என்று கேட்டேன்.
"உறை பார்க்கிறவர்களுக்கு.
குப்பைப் பை எனக்கு."

நேரலில் இறங்கும்போது தூறல்.
பேப் கோட்டைக்கு ஏறும் வழியில்
மழை மேலிருந்து வரவேயில்லை.
பள்ளத்தாக்கிலிருந்து எழும்பி
முழங்காலில் தொடங்கி முகத்துக்கு ஏறியது.
காற்று உறையைப் பிடித்து உலுக்கியது,
வாரை இன்னொரு சுற்று இழுத்துக் கட்டினேன்.
எல்லாப் பக்கமும் மூடியிருந்தது,
என் முதுகைத் தொடும் பக்கம் தவிர.
அங்கே எந்த உறையும் போட முடியாது.
கழுத்துக்குப் பின்னால் நுழைந்த தண்ணீர்
முதுகு வழியே,
வேர்வையையும் கூட்டிக்கொண்டு,
அவசரமில்லாமல் கீழே போனது.
எங்கே போகிறது என்று நான் யோசிக்கவில்லை.

முதல் இரும்பு ஏணியில் மூச்சு வாங்கியது.
இரண்டாவதில் யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல்.
வயதாகிறது என்று நினைத்தேன்.
நாற்பத்து மூன்று, மாடிப்படியில் லிஃப்ட்,
தானாய்த் தேடிக்கொண்டது என்று
ஏணியைக் கட்டிப்பிடித்து என்னையே திட்டினேன்.

குகையில் பையை இறக்கி உறையைக் கழற்றினால்
சளப்பென்று கேதகியின் ஷூ வரை வந்தது தண்ணீர்.
அடியில் ஒரு குளம்.
ஓட்டையில்லாத, நாற்பது ரூபாய் கூடுதலான,
உத்தரவாதமான குளம்.
அதில் உட்கார்ந்து மலையேறியிருக்கிறது என் பை.
எலுமிச்சை சாதம் கஞ்சி.
மாற்றுத் துணியைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும்.
ஃபோன் மட்டும் பிழைத்தது,
அலம்பிக் காயவைத்த ஆரே பால் கவருக்குள்.

கேதகி சிரித்தாள்,
நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
பிறகு குப்பைப் பையின் முடிச்சை அவிழ்த்து
ஒரு ஜோடி சிவப்பு சாக்ஸ் நீட்டினாள்.
காய்ந்த துணிக்கு இவ்வளவு வாசனை உண்டா?

வீட்டில் உறைக்குள் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி
எங்கே தேங்குகிறது என்று பேனாவால் வட்டமிட்டேன்.
கேஸ் அடுப்பில் ஊக்கைச் சிவக்கக் காய்ச்சி
அங்கே வைத்தேன்.
பிளாஸ்டிக் கருகும் நாற்றம்,
எதிர் ஃப்ளாட் சுலக்‌ஷணா கதவைத் தட்டி
என்ன தீய்கிறது என்றாள்.
கௌரவம் என்று சொல்ல
எனக்கு மராத்தி போதவில்லை.

ஜூலையில் இந்த ஊரில் எதுவும் காயாது.
நான்கு நாளாய்க் குளியலறைக் குழாயில்
உட்புறம் வெளியே திருப்பித் தொங்குகிறது,
லேசான பூஞ்சை வாடையோடு.

வெள்ளிக்கிழமை பாலத்தின் அடியில்
முஃபத்தல் பாய் பார்த்துவிட்டார்.
ஆரஞ்சு இன்னும் அதே ஆணியில்,
வளையம் பளபளக்க.
"மேடம், உறை எப்படி? ஒழுகியதா?"

"ஒழுகவேயில்லை பாய்" என்றேன்,
"ஒரு சொட்டுகூட."