வியாழக்கிழமை காலி

பதினோரு வருடம் ஸால்மன் துல்சின்ஸ்கிதான்
எங்கள் ஜெபக்கூடத்தில் எல்லோரையும் கூப்பிடுவார்.
"செவ்வாய் உன் முறை. பெர்ல் வீடு. இடுப்பு முறிவு.
பூண்டு ஆகாது."
வணக்கம் கிடையாது, சௌக்கியமா கிடையாது.
கோடு போட்ட ஒரு நோட்டு, ஒரு பென்சில்,
வடக்கு வின்னிபெக்கில் எந்த வீட்டில் எவர் படுத்தாலும்
ஆஸ்பத்திரிக்கு முன்பே கேட்டுவிடும் காது.

ஜனவரியில் அவரே படுத்துவிட்டார்.

பட்டியல் போட ஆளில்லை.
அன்பு இருந்தது, அதற்குக் கிழமை தெரியவில்லை.
திங்களன்று ஒன்பது வீட்டுச் சூப்
அவர் வாசல் பனியில் வரிசையாய் உறைந்து நின்றது,
மூடிமேல் ஒட்டிய பெயர்களோடு:
பிரைனா. மோய்ஷ். இன்னொரு பிரைனா.
செவ்வாயன்று ஒரு கேரட் துண்டுகூட இல்லை.
புதன், யார் யாரோ மனமிரங்கி,
மூன்று நூடுல்ஸ் குகெல்.

அன்று இரவு என் போன் அடித்தது.
"வியாழன் காலி. எழுதிக்கொள்."
குரல் பாதி, மூச்சு பாதி.
யார் வீடு என்று கேட்டேன்.
"ஒரு பிடிவாதக்காரன். உப்பு கூடாது.
சூப் என்றால் கதவைத் திறக்கமாட்டான்.
பத்து நிமிஷத்துக்கு மேல் இருக்காதே.
கட்டிலில் உட்காரவே உட்காராதே.
சரியாகிவிடும் என்று சொல்லாதே,
அதை அவனே நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறான்."
பிறகு முகவரி, எழுத்துக் கூட்டி,
முப்பது வருடமாய் நான் போய்வரும் தெருவை.

மீனும் உருளைக்கிழங்கும் வேகவைத்தேன்.
உப்புக்குப் பதில் எலுமிச்சை, கொஞ்சம் சதகுப்பை இலை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பாத்திரத்தை நான் தூக்கிப்போனேனா,
அதுதான் என் விரல்களைக் காப்பாற்றிக் கூட்டிப்போனதா.

கதவு தாழிடப்படவில்லை.
கட்டிலிலிருந்து நாலடி தள்ளி ஒரு நாற்காலி,
தலைமாட்டில் கடிகாரம்.

நாலு வாய் சாப்பிட்டார்.
ஜெபக்கூடத்துக் கொதிகலனை மாற்றுவது பற்றி
போன பொதுக்குழுவில் விட்ட இடத்திலிருந்து
சண்டையைத் தொடர்ந்தோம்.
பத்தாவது நிமிஷம் எழுந்தேன்.
அவர் கை நீட்டி, மெதுவாக,
கடிகாரத்தின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.
"கொதிகலன் விஷயத்தில் நீ சொல்வது
இன்னும் தப்புதான்," என்றார்.

இருட்டிய பிறகு கிளம்பினேன்.
நோட்டை என்னிடம் கொடுத்தார்.
பென்சிலைக் கொடுக்கவில்லை.