கிணற்றுக்குள் எண்ணியது

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், பற்றை மூடிய காணியில்
வற்றிப்போன கிணறு ஒன்று. இருபத்தெட்டு அடி.
அதற்குள் கறுப்பு ரேப் சுற்றிய பெட்டியைக்
கப்பிக் கயிற்றில் இறக்கினோம்,
பிள்ளைத்தாய்ச்சியை வண்டிலால் இறக்குகிற மாதிரி.

பதினொரு வருசம் கண்ணிவெடி தேடியவள் நான்.
முழங்காலில் நின்று, ஒரு சாண், இன்னுமொரு சாண்,
மண்ணிடம் கேட்டுக் கேட்டு நகர்ந்தவள்.
என் கருவி கத்தும். கத்தினால் கை நிற்கும்.
பத்தடிக்குக் கீழே அது ஊமை.
இந்தப் பெட்டி கத்தவே கத்தாது.
காத்திருக்கும்.

‘நாங்கள் ஒன்றையும் அனுப்பப் போறதில்லை, சுபத்திராதேவி,
வாறதை எண்ணப் போறம்’ என்றார் நிமலரூபன் சேர்.
எங்கேயோ வெடித்த நட்சத்திரத்தின் தூள்
வானத்து உச்சியில் காற்றோடு மோதி உடைய,
அந்த உடைசல் மியூவானாய் இறங்குகிறதாம்,
விரித்த உள்ளங்கைக்குள்ளால் செக்கனுக்கு ஒன்று.
ஓட்டுக்கூரை, தறப்பாள், எதையும் கேட்பதில்லை.
சோதனைச் சாவடியில் இறங்கி நடப்பதில்லை.

மேலிருந்து வருவதென்றால்
பதுங்கத்தான் எனக்குத் தெரியும்.
முதல் இரவு
கிணற்றடியில் அண்ணாந்து கிடந்தேன்.
ஆயிரக்கணக்கில் எனக்குள்ளால் போயிற்று.
ஒரு கீறல் இல்லை.

ஆவணி முழுக்க எண்ணியது. புரட்டாதியும் எண்ணியது.
நான் பற்றரி மாற்றினேன், எறும்பு தட்டினேன்,
ஒருநாள் விரியன் குட்டியொன்றை வாளியில் ஏற்றிப் பற்றைக்குள் விட்டேன்.
வேலிக்கு வெளியே நின்ற சனம் பொன் என்றது,
சங்கக்கடைப் பெட்டகம் என்றது.
ஒருவர் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்:
‘எனக்குப் பங்கு வேண்டாம்,
என்னவெண்டு மட்டும் சொல்லுங்கோ.’

கனத்த பொருள் மியூவானைத் தின்னும்.
எந்தத் திசையால் குறைவாக வருகிறதோ
அந்தத் திசையில் ஏதோ கிடக்கிறது.
வராதவர்களை எண்ணுகிற கணக்கு.
அதை எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள்
லப்ரொப்பில் வடகிழக்கு மூலை கறுத்தது.
பெக்கோவின் பல்லில் இரும்பு உரசியது.

பொன்னல்ல.
ரோட்டு உருளை.
பழைய கிராம சபையின் எழுத்து இன்னும் அதில் ஒட்டியிருந்தது.
கிறீஸ் பூசி, சாக்குச் சுற்றி,
திரும்பி வந்து ரோட்டுப் போடலாமென்று
ஆரோ பக்குவமாய்ப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்,
சாக்கின் முடிச்சைப் பார்க்கும்வரை.
இரட்டை முடிச்சு.

எல்லாரும் போன பிறகு மங்களநாயகி அக்கா வந்தா.
படம் கொண்டுவரவில்லை. இப்போது கொண்டுவருவதில்லை.
‘இந்தப் பெட்டி என்ர அவரையும் காட்டுமோ?’

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நான்தான் சொன்னேன்:
‘எலும்பும் மண்ணும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி, அக்கா.
இரண்டுக்குள்ளாலயும் ஒரே மாதிரித்தான் போகும்.
பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது.’

நெடுநேரம் தோண்டிய குழியைப் பார்த்துக்கொண்டு நின்றா.
‘அப்ப, தொட்டுக்கொண்டுதான் போகுது’ என்றா.

பிறகு கையை விரித்து நீட்டினா.
மழை பார்க்கிறாவாக்கும் என்று நினைத்து
பெட்டியை ஏற்றக்
கப்பிக்கு ஓடினேன் நான்.