கழித்தல் கணக்கு

பிப்ரவரி. க்ரோனிங்கனில் மூன்று நாளாய்
விடாத சாய்மழை.
சாப்பாட்டு மேசைமேல் நார்வே விரிந்து கிடந்தது,
மூலைக்கொரு ஜாம் புட்டி காவல்.
போவதென்னவோ ஜூலையில்.

"யார் யார் வர்றோம்?" என்றாள் யில்டாவ்.
வவுட் விரல்விட்டு எண்ணினான்:
அம்மா, அக்கா, பொலே, தான்,
பூனை அட்மிரல், கினிப்பன்றிகள் இரண்டு.
மறுகையின் நடுவிரலுக்கு வந்தபோது
என் ஞாபகம் வந்தது அவனுக்கு.
"அப்புறம் ஹில்கே."

தவறில்லை.
நான் இந்த வீட்டுக்கு வந்து பதினொரு மாதம்;
கினிப்பன்றிகளே எனக்கு மூத்தவை.

அட்மிரலைக் காரில் ஏற்றினால்
முதல் பாலத்திலேயே வாந்தி. எனவே அது வீட்டில்.
எதிர்வீட்டு ஃபொக்கோ வந்து சோறு வைப்பார்,
ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்,
ஒரு நிமிடம் பிந்தினால் பூனைக்கு முன்
அவருக்குத்தான் பொறுக்காது.
கினிப்பன்றிகள் ஃபெம்கேயின் தோழி வீட்டுக்கு,
எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு:
வெள்ளரி கொடுக்கலாம், உருளைக்கிழங்கு கூடாது,
இரண்டில் ஒன்று செத்துப்போனால்
உடனே போன் செய்யாதே,
ஊருக்கு வந்தபிறகு சொல்.
பதினொரு வயதில் இப்படியொரு ஷரத்தை
எங்கே கற்றாள் என்று கேட்காமல்
நானும் யில்டாவும் ஆளுக்கொரு ஃபியோர்டைப்
பார்த்துக்கொண்டிருந்தோம்.

மிஞ்சியது பொலே.
அவனுக்குக் கப்பலில் சீட்டு உண்டு.
கரை இறங்குமுன் நாடாப்புழு மாத்திரை உண்டு:
ஒரு நாளுக்குக் குறையாமல்,
ஐந்து நாளுக்கு மிகாமல்.
முகூர்த்தம் குறிப்பதுபோல
நாள்காட்டியில் வட்டமிட்டோம்.

"பாஸ்போர்ட் வேணுமே, அவனோடது எங்கே?"

நான்தான் கேட்டேன்.
ஃபெம்கே ஒரு ஜாம் புட்டியை எடுத்தாள்;
நார்வேயின் வடக்கு சுருண்டு
தெற்கின்மேல் விழுந்தது.
"அப்பாகிட்ட."

அந்தச் சனிக்கிழமை ஹெர்பன் வீட்டு வாசலில் நான்.
நீலநிறச் சிறு புத்தகம் கைமாறியது.
உரிமையாளர் பக்கத்தில் அவர் பெயர், அவர் கையெழுத்து,
கீழே
இன்றைய என் முகவரி.
மழையைப் பற்றிப் பேசினோம்.
மழையைப் பற்றிச் சொல்ல
இருவருக்கும் ஏராளம் இருந்தது.

கதவைச் சாத்தப் போனவர் உள்ளே போய்
பச்சை ஸ்வெட்டர் ஒன்றோடு திரும்பினார்,
முழங்கையில் ஓட்டை.
"சுரங்கப்பாதையில அழுவான்.
இதைப் பின்சீட்ல போட்டா சரியாயிடும்."
நார்வேயில் சுரங்கப்பாதைகளுக்குப் பஞ்சமில்லை என்பது
அவருக்கும் தெரியும்.

நனைந்துவிடக் கூடாதென்று
கோட்டுக்குள் அதைத் திணித்துக்கொண்டு
சைக்கிள் மிதித்தேன்.
கால்வாய்ப் பாலத்தில்தான் உறைத்தது
யார் வாசனையை நெஞ்சோடு அணைத்துப் போகிறேன் என்று.
சிரிப்பு வந்தது.
வேறு ஏதோவும் கொஞ்சம்.

ஜூன் கடைசி வாரம்.
எடைக்குத் தக்க மாத்திரை என்றார் டாக்டர்.
குளியலறைத் தராசில் பொலே நிற்க மாட்டான்,
நாலு காலுக்கு அதில் இடமும் இல்லை.
நான் தூக்கிக்கொண்டு ஏறினேன்.
அதுவரை அவனை நான் தூக்கியதில்லை.
செருப்பைக் கடிப்பான், நடக்க வருவான்,
என் பக்கத்தில் படுப்பான், ஒரு முழம் தள்ளி.
அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.
ஈரக் கம்பளி வாடை. விலா எலும்புக்குள்
படபடவென்று ஒரு சின்ன இயந்திரம்.

வாசலில் வவுட், பென்சிலோடு.
"ரெண்டு பேரும் சேர்ந்து நூத்திப் பதினொன்னு.
இப்போ நீங்க மட்டும்."

குனிந்தேன்.
பின்னங்கால்கள் தரையைத் தொட்டன.
முன்னங்கால்கள் என் தோளிலேயே இருந்தன.

"ஹில்கே, அவனை விடுங்க. கழிக்கணும்."

"நான் விட்டுட்டேன்டா," என்றேன்.
"அவன்தான்."