பத்தொன்பது துணி

பத்தொன்பது.
இருபதாவதைக் காற்று தூக்கிப் போய்
கோணாவத்தை ஆற்றில் போட்டது.
எண்ணிக்கையிலிருந்து அதைக் கழிக்க
எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

ஆறு, அஸ்மிரின் பழைய சாரனில் வெட்டியது.
ஐந்து, இவன் வயிற்றிலிருந்தபோது நான் உடுத்த
பருத்திச் சோட்டி.
மிச்சம் சாய்ந்தமருதில்
யார் கணக்கில் வாங்கிய வெள்ளைத் துணி.
ஓரம் அடித்தது நான்தான்.
தையல் நேரில்லை. பிள்ளைக்குத் தெரியாது.

அட்டாளைச்சேனைச் சந்திக் கடையில்
பம்பர்ஸ் பெட்டியின் விலையை
கிழமைக்கொரு தரம் பேனையால் வெட்டி
மேலே புதிதாய் எழுதினார்கள்.
பிறகு மேலே இடமில்லாமல் போனது.
அன்றுதான் துணிக்கு வந்தோம்.

கொள்கை என்று யாரும் நினைக்க வேண்டாம்.
ஜெஸீமா மச்சி நினைத்தாள்.
"ஏன்கா, உலகத்தக் காப்பாத்துற வேல
உன்ட புள்ளைக்குத்தான் கிடைச்சிச்சா?"
சிரித்து வைத்தேன்.
காசில்லை என்பதை விட
அது கேட்க நன்றாயிருந்தது.

கச்சான் வீசிய நாட்களில்
காய்வதெல்லாம் ஒரு வேலையா?
கடைசித் துணிக்குக் கிளிப் மாட்டித் திரும்பினால்
முதல் துணி அப்பளமாகியிருக்கும்.
மடிக்கும்போது வெயில்
உள்ளங்கையில் ஏறும்.

பிறகு மாரி பிடித்தது.
ஒன்பது நாள்.
அறைக்குள் கொடி, குசினிக்குள் கொடி,
கதிரை முதுகில், ஜன்னல் கம்பியில்,
ஃபேனுக்குக் கீழே, கரண்ட் இருந்த நேரங்களில்.
வீடு முழுக்கப் புளித்த வாடை.
அயன் பெட்டியை வைத்து அழுத்தினேன்.
ஆவி போனது, ஈரம் இருந்தது.
பிள்ளையோ மழையிடம் பாடம் கேட்டவன் போல
விடாமல் பெய்தான்.

பத்தாம் நாள் இரவு
காயாத பதினேழையும்
அஸ்மிர் ஷொப்பிங் பையில் கட்டினான்.
பேக்கரியில் அவனுக்கு வேலை,
பதினொரு மணியிலிருந்து சுபஹு வரை
போறணைக்கு முன்னால்.
"முதலாளி பார்த்தா?"
"பார்க்கட்டும்."

இரண்டே துணியோடு அந்த இரவைக் கடந்தேன்.
இரண்டாவதும் நனைந்தபோது
என் தலையில் கிடந்த ஷோல் இறங்கியது.

லாபிர் ஹாஜி பார்த்தாராம்.
பாண் தட்டு அடுக்கும் இரும்புச் சட்டத்துக்கு அப்பால்
போறணையின் பின்சுவரோடு
சாக்குக் கட்டும் கயிற்றில் பதினேழு.
நெடுநேரம் நின்றாராம்.
"எத்தின தண்ணியில அலசின?"
"மூணு, ஹாஜி."
"சுத்தம்தான். மா பறக்கிற பக்கம் வேணாம்,
அங்கால தள்ளிக் கட்டு."
வாசல் வரை போய்த் திரும்பி,
"எத்தின மாசம்?"
"நாலு."
"ம்."

விடிய, மழைக்கோட்டைப் பைக்குப் போர்த்தி
தான் நனைந்து சைக்கிளில் வந்தான்.
அவிழ்த்தேன்.
பதினேழும் இளஞ்சூடு.
பதினேழிலும் ரோஸ் பாண் வாசம்.

மகனுக்குக் கட்டிவிட்டுக்
குனிந்து மோந்தேன்.
இப்போதுதான் தட்டிலிருந்து இறக்கியது போல
ஒரு பிள்ளை.
என் கண்ணைப் பார்த்துச் சிரித்தபடியே
அதை நனைத்தான்.

அடுத்த கிழமை
சந்திக் கடையில் விலையும் இல்லை, பெட்டியும் இல்லை.
குடையை மடிக்காமலே
ஜெஸீமா மச்சி வாசலில் நின்றாள்.
கையில் ஒரு பை, அதற்குள் எட்டு,
அவள் கல்யாணத்துக்கு வந்த
பெட்ஷீட்டில் வெட்டியது, ரோசாப் பூப் போட்டது.
"போறணையில இடமிரிக்குமா?" என்றாள்,
உலகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு உட்கார்ந்து
என் துணிகளின் மூலையில்
சிவப்பு நூலால் ஒவ்வொரு முடிச்சாய்ப் போட்டேன்,
அவளுடையதோடு மாறிவிடக் கூடாதென்று.
அவளுடையதில் பூ இருக்கிறதே,
எப்படி மாறும் என்று பிறகுதான் உறைத்தது.
மாறினால்தான் என்ன
என்பது அதற்கும் பிறகு.
அதற்குள் பதினொன்று முடித்திருந்தேன்.